ஒலி அலையால் பல்லேடியம் நானோ துகள்: லேபில் முதல்முறை செய்பவர்களுக்கு

ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் செய்முறை நான்கே வரியில் முடிந்துவிடும். உப்பைக் கரை, ஆல்கஹால் சேர், சோனிகேட்டரை (ஒலி அலை செலுத்தும் கருவி) ஒரு மணி நேரம் ஓட்டு, கருப்பானதும் கழுவி எடு. அதை மட்டும் நம்பி லேபில் இறங்கினால் ஒரு நாள் கருப்பாகும், மறுநாள் ஆகாது. ஏன் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. நான் இதில் நன்றாகத் திணறித்தான் வெளியே வந்தேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்பவர்களும் பிஎச்.டி. முதல் வருடத்தில் இருப்பவர்களும் அதே இடங்களில் திணற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, 50 மி.லி. கரைசலில் 100 மி.கி. கார்பன் தூள் மேல் சுமார் 5% பல்லேடியம் ஏற்றி வினையூக்கி செய்வதை வைத்துக்கொள்வோம். தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கும் பாதை ஏறக்குறைய இதுதான், எண்கள்தான் மாறும்.

அடிப்படை இவ்வளவு தெரிந்தால் போதும். ஒலி அலை நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்குகிறது. அவை வளர்ந்து சட்டென்று நசுங்கும்போது உள்ளே கணநேரத்துக்கு 5000 கெல்வின் அளவுக்கு வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தில் நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் (உடனே வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகள்) பிறக்கின்றன. ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆல்கஹாலைத் தாக்கி இன்னொரு ரேடிக்கலை உண்டாக்கும். அதுவும் ஹைட்ரஜன் ரேடிக்கலும் சேர்ந்துதான் பல்லேடிய அயனியை உலோகமாக ஒடுக்குகின்றன. ஆக, குமிழி எவ்வளவு சூடாக நசுங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பாதி இதிலிருந்து வருபவை.

1. எந்தக் கருவி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கண்ணாடிப் பாத்திரம் கழுவப் பயன்படும் தொட்டி வகை, அதாவது பாத் சோனிகேட்டர், எல்லா லேபிலும் இருக்கும். துகள்களைப் பிரித்துக் கலக்க அது அருமையான கருவி. ஒடுக்க வினைக்கு அதன் சக்தி பெரும்பாலும் போதாது, போதுமானாலும் மணிக்கணக்கில் ஆகும். அது மட்டும்தான் இருக்கிறது என்றால், மெல்லிய அலுமினியத் தாளைத் தொட்டிக்குள் செங்குத்தாகச் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். தாள் எங்கே ஓட்டை ஓட்டையாகிறதோ அங்கேதான் சக்தி குவிகிறது. குடுவையை எப்போதும் அதே இடத்தில், அதே நீர்மட்டத்தில் வையுங்கள்.

நமக்கு வேண்டியது 20 கிலோஹெர்ட்ஸ் ப்ரோப் சோனிகேட்டர். டைட்டானியக் கம்பி நேராகக் கரைசலுக்குள் இறங்கும் வகை. 50 மி.லி.க்கு 13 மி.மீ. முனை பொருத்தமானது. 3 மி.மீ. மைக்ரோடிப் பத்து மி.லி.க்கு உட்பட்ட சாம்பிளுக்கானது. மைக்ரோடிப்புக்கு ஆம்ப்ளிட்யூட் (முனை அதிரும் வீச்சு) வரம்பு உண்டு, அதை மேனுவலில் பார்க்காமல் தொடாதீர்கள், கம்பி உடைந்துவிடும். எந்த முனையையும் காற்றில் ஓட்டக் கூடாது, கண்ணாடியில் இடிக்கவும் கூடாது.

புதிதாக வாங்குவதென்றால் உள்நாட்டுக் கருவி லட்சம், இரண்டு லட்சத்தில் வரும். இறக்குமதிக் கருவி அதைப் போலப் பல மடங்கு. வாங்கும்போதே ஒலி தடுப்புப் பெட்டியையும் மாற்று முனை ஒன்றையும் அதே கொட்டேஷனில் போடச் சொல்லுங்கள். தனியாகப் பின்னால் கேட்டால் இன்னொரு சுற்று ஃபைல் நகர வேண்டும். காதுக்கு இயர்மஃப் கட்டாயம். சத்தம் பழகிவிட்டது என்று சொல்லும் சீனியரைப் பின்பற்றாதீர்கள்.

முனையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மங்கி, குழிகுழியாக இருந்தால் அது தேய்ந்த முனை. அதிலிருந்து உதிரும் டைட்டானியத் துகள்கள் உங்கள் வினையூக்கியில் போய்ச் சேரும். மேனுவல் அனுமதித்தால் மெருகேற்றுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

2. உப்பு, ஆர்கான், பில்

பல்லேடியம் குளோரைடு கிராமுக்குப் பல ஆயிரம் ரூபாய். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு பேட்சுக்குச் சுமார் 9 மி.கி. தான் செலவாகும், ஒரு கிராமில் நூறு பேட்சுக்கு மேல் வரும். எனவே 1 கிராம் பாட்டிலே போதும், பெரிய பாட்டிலில் பணத்தை முடக்காதீர்கள். உண்மையில் கையைக் கடிப்பது உலோகமல்ல, பின்னால் வரும் டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்கள்தான்.

விலைமதிப்புள்ள உலோக உப்புகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. உலோகச் சந்தை விலையோடு இவற்றின் விலையும் ஏறி இறங்குவதால், கொட்டேஷன் சில நாட்களுக்குத்தான் செல்லுபடியாகும். உங்கள் இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) கைடு, ஹெச்ஓடி (துறைத் தலைவர்), ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு என்று நகர்ந்து முடிவதற்குள் அது காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விற்பவரிடம் முதலிலேயே பேசி, எவ்வளவு நாள் விலையை நிறுத்தி வைக்க முடியும் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஊரில் இருக்கும் வாரமா என்று விசாரித்துக்கொண்டு அதற்கப்புறம் கொட்டேஷன் கேட்பது நல்லது.

தயாராக வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்: கைடு கையெழுத்திட்ட இன்டென்ட், கொட்டேஷன்கள், அவற்றின் ஒப்பீட்டுப் பட்டியல், ப்ராஜெக்ட் அனுமதி ஆணையின் நகல். ஒரே நிறுவனம்தான் விற்கிறது என்றால் அதற்கான தனிச் சான்று. எத்தனை ரூபாய் வரை நேரடியாக வாங்கலாம், எதற்கு மேல் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அலுவலகத்தில் கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பில் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். அவசரத்துக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில் வாங்கினால் அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாடு. ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு இரண்டையும் சேர்த்தே தொகையைக் கணக்கிடுங்கள். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பொருளும் பில்லும் அதற்குள் வந்தாக வேண்டும் என்பதால், டிசம்பரிலேயே இன்டென்ட் போட்டுவிடுங்கள்.

பாட்டிலோடு பகுப்பாய்வுச் சான்றிதழும் பாதுகாப்புத் தகவல் தாளும் வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தூய பல்லேடியம் குளோரைடில் உலோகம் 60%. உங்கள் பாட்டிலில் உண்மையில் எத்தனை சதவீதம் என்பது சான்றிதழில்தான் இருக்கும். 5% ஏற்றினேன் என்று நீங்கள் எழுதப்போவது அந்த எண்ணை வைத்துத்தான்.

ஆர்கான் சிலிண்டருக்கு வாயு விலை தவிர டெபாசிட், வாடகை, ரெகுலேட்டர் எல்லாம் தனி. ரெகுலேட்டர் ஏற்கெனவே லேபில் இருக்கிறது என்று கணக்குப் போடும் முன் அது ஆர்கானுக்கானதா என்று பாருங்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டிவிட வேண்டும்.

3. வாட்டை நீங்களே அளவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கருவியின் முகப்பில் தெரியும் வாட் கருவி இழுக்கும் மின்சாரத்தைச் சேர்ந்தது. உங்கள் திரவத்துக்குள் போகும் சக்தி வேறு, பெரும்பாலும் குறைவு. முனை தேய்ந்தால், ஆழம் மாறினால், பாத்திரம் மாறினால் அதுவும் மாறும். "500 வாட் கருவி, 40% ஆம்ப்ளிட்யூட்" என்று மட்டும் எழுதிய செய்முறையை யாராலும் அப்படியே திரும்பச் செய்ய முடியாது. ஒரே கட்டுரையை இரண்டு லேபில் செய்து இரண்டு விடை வருவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவிடச் செலவே இல்லை. வினைக்கு வைத்திருக்கும் அதே பீக்கரில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் தெர்மோகோல் வையுங்கள். ஐஸ் வேண்டாம். வெப்பமானி முனையின் நேர் கீழே வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். பல்ஸ் (விட்டு விட்டு ஓடுவது) இல்லாமல் ஓட்டி, பதினைந்து நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். கணக்கு:

வாட் = நீரின் நிறை (கிராம்) × 4.18 × வெப்ப உயர்வு (°செ.) ÷ நேரம் (நொடி)

50 கிராம் நீர் 180 நொடியில் 18 டிகிரி உயர்ந்தால், 50 × 4.18 × 18 ÷ 180, அதாவது ஏறக்குறைய 21 வாட். சூடு ஏற ஏற வெப்பம் வெளியே கசியும் என்பதால் வரைபடத்தின் தொடக்கத்தில் உள்ள நேர்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள். நான்கைந்து ஆம்ப்ளிட்யூட்களில் இதைச் செய்து ஒரு அட்டவணையைக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். முனையை மாற்றினாலோ மெருகேற்றினாலோ மறுபடி அளவிட வேண்டும். முனை எவ்வளவு ஆழம் மூழ்குகிறது என்பதைக் கம்பியில் ஒரு கோடு போட்டு நிலைப்படுத்துங்கள். ஒன்றரை, இரண்டு செ.மீ. சரியாக இருக்கும். ஆழம் போதாவிட்டால் காற்றை உள்ளே இழுத்து நுரைக்கும், சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ரேடிக்கல் எவ்வளவு உண்டாகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஓட்டி, யூவி-விஸ் நிறமாலைமானியில் 350 நானோமீட்டரை ஒட்டிய உறிஞ்சலைப் பாருங்கள். கட்டுரை அனுப்பும் நேரத்தில் இந்தத் தரவு கைகொடுக்கும்.

4. ஸ்டாக் (முன்கூட்டியே கலந்து வைக்கும்) கரைசல்

பல்லேடியம் குளோரைடு வெறும் தண்ணீரில் கரைவது மிகக் கடினம். கரையவில்லையே என்று ஆல்கஹாலை ஊற்றிச் சூடாக்காதீர்கள், அங்கேயே ஒடுக்கம் தொடங்கிவிடும். 44.3 மி.கி. பல்லேடியம் குளோரைடை 5 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 50 டிகிரி அளவில் கிளறுங்கள். தெளிந்த பழுப்பு மஞ்சள் வந்ததும் ஆறவிட்டு 25 மி.லி.க்கு நிரப்புங்கள். இது 10 மில்லிமோலார் ஸ்டாக். 5 மி.லி. எடுத்து மொத்தம் 50 மி.லி. ஆக்கினால் 1 மில்லிமோலார், அதில் 5.3 மி.கி. பல்லேடியம். 100 மி.கி. கார்பனோடு சேர்ந்தால் அது 5%.

அமிலத்தைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். பிஹெச் மாறினால் ஒடுக்க வேகமும் துகள் அளவும் மாறும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிஹெச் எழுதுங்கள்.

கண்ணாடியில் பழைய உலோகத்தின் சுவடு இருந்தால் புதிய துகள்கள் அதன் மேலேயே வளரும். ராஜதிராவகத்தில் கழுவித்தான் ஆக வேண்டும். ஃபியூம் ஹூட்டுக்குள், அப்போதைக்கு அப்போது, மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். மீந்ததை மூடி வைக்கக் கூடாது, பாட்டில் வெடிக்கும். அசிட்டோன், ஆல்கஹால் ஈரம் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றவே கூடாது.

5. வாயுவும் ஐஸும்

காற்றோடு ஓட்டினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிக்குள் சேர்ந்து நைட்ரைட், நைட்ரேட் உண்டாகும், கரைசல் தானாகவே அமிலமாகும். ஆர்கான் ஓரணு வாயு என்பதால் குமிழி அதிகச் சூட்டில் நசுங்கும், ரேடிக்கலும் கூடும். தொடங்கும் முன் அரை மணி நேரம் கரைசலுக்குள் ஆர்கானைக் குமிழ விடுங்கள். ஓட்டும்போது குழாயை மேலே தூக்கி, திரவத்தின் மேற்பரப்பில் மட்டும் மெல்ல ஓடட்டும். முனைக்குக் கீழே பெரிய குமிழிகள் வந்தால் ஒலி அலை சிதறிவிடும். ஐஸ் இல்லையே என்று உலர்பனியைக் கரைசலுக்குள் போட்டுவிடாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு குமிழி நசுங்கும் வேகத்தையே கொன்றுவிடும்.

கரைசல் சூடானால் வினை வேகமாகும் என்று நினைப்பது இயல்பு. இங்கே தலைகீழ். சூடு ஏறினால் நீராவி குமிழிக்குள் நிரம்பி, நசுங்கும் வெப்பம் குறையும். 15 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்துங்கள். ஐஸ் பாத்திரம் போதும், ஆனால் அரை மணிக்கொருமுறை ஐஸ் மாற்ற ஆள் நிற்க வேண்டும். கண்ணாடி ஊதுபவரிடம் சொல்லி இரட்டைச் சுவர் பீக்கர் ஒன்று செய்துகொண்டால் சில்லரின் (குளிர்விக்கும் கருவி) தண்ணீரை ஓடவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த வேலைக்குப் போடும் பணத்தில் இதைப் போலப் பலன் தருவது வேறில்லை.

6. முதல் ஓட்டம் கார்பன் இல்லாமல்

நேராகக் கார்பனோடு தொடங்க வேண்டாம். எல்லாமே கருப்பாக இருந்தால் எதைப் பார்ப்பது? முதலில் பிவிபி (துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும் பாலிமர்) மட்டும் வைத்து ஓட்டிக் கண்ணைப் பழக்குங்கள்.

5 மி.லி. ஸ்டாக், 56 மி.கி. பிவிபி (மூலக்கூறு நிறை 40,000 கொண்டது), 0.1 மி.லி. ஐசோபுரோப்பனால், மீதி காய்ச்சி வடித்த நீர். ஆல்கஹால் அவ்வளவு போதும். கூடுதலாக ஊற்றினால் அதன் ஆவியும் குமிழிக்குள் போய்ச் சூட்டைத் தணித்துவிடும். ஐந்து நொடி ஓடி ஐந்து நொடி நிற்கும்படி பல்ஸ் வையுங்கள். கருவியில் ஒரு மணி நேரம் என்று போட்டால் கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். நோட்டில் எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுதுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

மஞ்சள் மெல்ல மங்கி, பழுப்பாகி, கருப்பாகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மி.லி. எடுத்து யூவி-விஸ் பாருங்கள். 425 நானோமீட்டர் அருகே உள்ள முகடு மறைந்து, முழு நிறமாலையும் ஒரு சரிவாக மாறினால் ஒடுக்கம் நடக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸில் ரேடிக்கல் உற்பத்தி குறைவு. இரண்டு மூன்று மணி நேரம் ஆனாலும் கவலைப்படாதீர்கள். காலையில் தொடங்கினால்தான் அன்றைக்கே முடியும்.

அதோடு ஒலி இல்லாத ஓட்டம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதே கரைசல், அதே ஆர்கான், அதே வெப்பநிலை, அதே நேரம், வெறும் கிளறல் மட்டும். ஆல்கஹாலும் பிவிபியும் தாமாகவே பல்லேடியத்தை மெல்ல ஒடுக்கக்கூடியவை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் ரிவ்யூவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

7. இப்போது கார்பன் மேல்

100 மி.கி. கார்பன் தூளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் சோனிகேட் செய்து பரப்பி, அப்புறம் ஸ்டாக்கும் ஆல்கஹாலும் சேர்த்து ஆர்கான் விடுங்கள். பிவிபி வேண்டாம். அது துகள்களைப் பிரித்து வைக்கும், ஆனால் வினை நடக்க வேண்டிய பரப்பையும் மூடிவிடும். துகள்கள் ஒட்டிக்கொள்ளக் கார்பனே இடம் கொடுக்கிறது.

எப்போது முடிந்தது என்று தெரிய, கொஞ்சம் எடுத்து 0.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடித்து, தெளிந்த நீரில் பொட்டாசியம் அயோடைடை அதிகமாகச் சேருங்கள். கரைசலில் பல்லேடிய அயனி மிச்சமிருந்தால் செம்பழுப்பு நிறம் வரும். 408 நானோமீட்டரில் அளவிடவும் செய்யலாம்.

ஆனால் நிறம் வரவில்லை என்பதாலேயே ஒடுக்கம் முடிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கார்பன் பல்லேடிய அயனியை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒலி இல்லாத ஓட்டத்தில் வடிநீரில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால்தான் உறிஞ்சல் எவ்வளவு, ஒடுக்கம் எவ்வளவு என்பது பிரியும்.

8. கழுவுதல், உலர்த்துதல்: தீ எச்சரிக்கை

உலர்ந்த பல்லேடியம்-கார்பன் தூள் மேல் மெத்தனால், எத்தனால் போன்ற கரைப்பான் பட்டால் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். வேதியியல் லேப்களில் நன்கு அறியப்பட்ட ஆபத்து இது. சென்ட்ரிஃப்யூஜில் கழுவும்போது ஆல்கஹால் பயன்படுத்தினாலும் கடைசி இரண்டு கழுவல் தண்ணீராகவே இருக்கட்டும். வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்துங்கள். ஆறிய பிறகே காற்றை விடுங்கள். வடிதாளில் ஒட்டிய மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் தண்ணீரில் நனைத்துத் தனி பாட்டிலில் சேருங்கள். பல்லேடியக் கழிவுக்கு விலையும் உண்டு, மொத்தமாகச் சேர்ந்தால் மீட்டெடுக்கக் கொடுக்கலாம்.

டெம்முக்கான சாம்பிளை உலர்த்தும் முன்பே, ஈரமாகவே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள்.

9. டெம், எக்ஸ்ஆர்டி: முன்பதிவும் பணமும்

எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை) பக்கத்திலேயே கிடைக்கும், செலவும் குறைவு. பல்லேடியத்தின் முதல் முகடு 40.1 டிகிரியில், அடுத்தவை 46.7, 68.1-இல். துகள் 4 நானோமீட்டர் என்றால் முதல் முகட்டின் அகலமே சுமார் 2 டிகிரி இருக்கும். 5% ஏற்றத்தில் அது தாழ்ந்து பரந்த மேடாகத்தான் தெரியும். கூர்மையான முகடு வரவில்லையே என்று பதற வேண்டாம். கூர்மையாக வந்தால்தான் துகள்கள் பெருத்துவிட்டன என்று யோசிக்க வேண்டும்.

டெம் வசதி உள்ள இடங்களைத் தேட மத்திய அரசின் ஐ-ஸ்டெம் (ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் இணையதளம்) உதவும். தமிழ்நாட்டில் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்), கோவை பிஎஸ்ஜி உயர் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். கல்வி நிறுவனக் கட்டணத்திலேயே ஒரு சாம்பிளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஈடிஎஸ் (எந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் சோதனை) போன்றவை கூடுதல். வரிசை வாரக்கணக்கில் நீளும். கட்டுரை எழுதத் தொடங்கிய பிறகு பதிவு செய்தால் காத்திருந்தே ஒரு பருவம் போய்விடும். முதல் நல்ல பேட்ச் வந்த அன்றே பதிவு செய்யுங்கள்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: கைடின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், மாணவர் அடையாள அட்டை நகல், பணம் கட்டிய ரசீது, சாம்பிளில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம். நிக்கல், கோபால்ட், இரும்பு போன்ற காந்தத்தன்மை உள்ள உலோகம் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். அது லென்ஸைப் பாதிக்கக்கூடியது, பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். செம்புத் துகள் செய்பவர்கள் செம்புக் கிரிட்டில் (சாம்பிளைத் தாங்கும் சிறு வலை) ஈடிஎஸ் எடுத்தால் எது சாம்பிள் எது கிரிட் என்று தெரியாது, நிக்கல் அல்லது தங்கக் கிரிட் கேளுங்கள். பெயர் வைக்கும்போது "சாம்பிள் 1" என்று வைக்காமல் தேதியும் பேட்ச் எண்ணும் வரும்படி வையுங்கள்.

அழகான ஒரு படத்தை மட்டும் வாங்கி வராதீர்கள். ஐந்தாறு வெவ்வேறு இடங்களில், அளவுகோலோடு, மூலக் கோப்பாகக் கேளுங்கள். குறைந்தது இருநூறு துகள்களை இமேஜ்ஜே மென்பொருளில் அளந்தால்தான் சராசரி என்று சொல்ல முகம் இருக்கும். கூடவே ஐசிபியில் (உலோக அளவைக் காணும் பகுப்பாய்வு) உண்மையான பல்லேடிய அளவைப் பாருங்கள், அதே ஓட்டத்தில் டைட்டானியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். முனை எவ்வளவு உதிர்ந்தது என்று அப்போது தெரிந்துவிடும்.

10. வேலை செய்கிறதா என்று பார்க்க

4-நைட்ரோபீனாலை சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கும் சோதனை மலிவானது, ஒரு மதியத்தில் முடியும். குவெட்டில் (நிறமாலைமானியில் வைக்கும் சிறு கலம்) 0.1 மில்லிமோலார் நைட்ரோபீனால், அதைப் போல நூறு மடங்கு போரோஹைட்ரைடு. போரோஹைட்ரைடு கரைசலை ஐஸ் நீரில், அந்த நேரத்தில் கலக்க வேண்டும், காலையில் கலந்தது மதியத்துக்கு ஆகாது. மைக்ரோகிராம் அளவில் வினையூக்கி சேர்த்ததும் 400 நானோமீட்டர் முகடு இறங்கி, 300-இல் அமினோபீனாலின் முகடு எழும்.

400 இறங்குவதை மட்டும் பார்த்து வேகத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். வெறும் கார்பனே மஞ்சள் நிறத்தை உறிஞ்சிக் குறைத்துக் காட்டும். 300 எழுகிறதா என்று பாருங்கள், பல்லேடியம் ஏற்றாத கார்பனை அதே எடையில் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். குவெட் சுவரில் ஹைட்ரஜன் குமிழி ஒட்டினால் எண் குதிக்கும், தட்டிவிட்டு அளவிடுங்கள். வேக மாறிலியைத் தரும்போது ஐசிபியில் வந்த பல்லேடியத்தின் எடையால் வகுத்து, பக்கத்திலேயே அந்தப் பேட்சுக்கு நீங்கள் அளந்த வாட், வெப்பநிலை, வாயு, பல்ஸ், முனையின் ஆழம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த வரி இருந்தால் உங்களுக்கு அடுத்து அந்த லேபுக்கு வருபவர் அதே துகளை முதல் வாரத்திலேயே செய்துவிடுவார்.